நான்கு நாள் கழித்துப் புகார் சொன்னால் அது அற்பத்தனமா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"என் அம்மா 31 வருட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, குடும்பமாக ஆறு பேர் ஒரு பெரிய உணவகத்தின் ஃபிரான்சைஸ் கிளைக்குப் போனோம். இதே பெயரில் இன்னொரு கிளையில் அம்மா முன்பு சாப்பிட்டு ரொம்பப் பிடித்துப்போய், அடிக்கடி அதைப் பற்றிச் சொல்வார். ஆர்டர் கொடுத்த பிறகு 50 நிமிடம் காத்திருந்தோம். அப்பா சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில்தான் அம்மாவுடைய தட்டு வந்தது. சூப் ஆறியிருந்தது, பொரித்த அயிட்டத்தில் பழைய எண்ணெய் வாடை. சொன்னால், 'இங்கே அப்படித்தான் மேடம் வரும்' என்று சொல்லிவிட்டு சர்வர் பையன் போய்விட்டான். மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். நான் வாயே திறக்காமல் முழு பில்லையும் கட்டி, டிப்ஸும் வைத்துவிட்டு வந்தேன். நான்கு நாளாகியும் மனசு ஆறவில்லை. கணவர் 'விட்டுத் தள்ளு' என்கிறார். அம்மாவோ 'அந்தப் பையன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும், பாவம்' என்கிறார். இப்போது போய்ப் புகார் சொல்வது அற்பத்தனமா? சொல்வதென்றால் யாரிடம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

அற்பத்தனம் இல்லவே இல்லை. ஒரு வேளை சாப்பாடு சரியில்லை என்றால் வீட்டுக்குப் போய் மறந்துவிடலாம், ஆனால் 31 வருடம் உழைத்த அம்மாவுக்கு ஓய்வு நாள் ஒரே ஒரு தடவைதான் வரும், அன்றைக்கு அவருக்குப் பிடித்த இடம் என்று தேடிக் கூட்டிக்கொண்டு போன உங்களுக்கு அந்த மாலை திரும்பக் கிடைக்காது. மனசு ஆறாமல் இருப்பதற்கு அதுவே போதும். டிப்ஸ் வைத்ததற்காகவும் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அம்மா எதிரில் சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள், நானும் அதையேதான் செய்திருப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இளம் வயதில் இரண்டரை வருடம் இப்படி ஒரு ஃபிரான்சைஸ் உணவகத்தில் சர்வராக இருந்தேன். 'அப்படித்தான் வரும்' என்கிற அதே வாக்கியத்தை நானும் எத்தனையோ மேஜைகளில் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால் பில்லிங் மெஷினில் மேனேஜர் தன் ரகசிய எண்ணைப் போட வேண்டும். மேனேஜர் இல்லையென்றால் நான் எதையும் ரத்து செய்ய முடியாது, புதிதாகச் செய்து தரச் சொல்லவும் முடியாது. கிச்சனுக்குள் போய்க் கேட்டால் அங்கே இருபது ஆர்டர் வரிசையில் நிற்கும், திட்டுதான் விழும். அப்போது பத்தொன்பது வயதுப் பையன் என்ன செய்வான்? வாடிக்கையாளரின் கண்ணைப் பார்க்காமல் எதையாவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அது தவறுதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உங்கள் மேஜையில் நடந்ததை முடிவு செய்தவன் அவன் இல்லை. அதனால்தான் யாரிடம் புகார் சொல்வது என்பது உங்கள் விஷயத்தில் இவ்வளவு முக்கியம்.

ஃபிரான்சைஸ் என்றால் வெளியே தெரிகிற பெயர் ஒருவருடையது, உள்ளே நடக்கிற கடை இன்னொருவருடையது. பெயருக்குச் சொந்தமான நிறுவனம் செய்முறை, பயிற்சி, மசாலா, பெயர்ப்பலகை எல்லாம் கொடுக்கும். கடை எடுத்தவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, இடம் பிடித்து, ஆள் வைத்து நடத்துவார். அதற்காக ஆரம்பத்தில் ஒரு தொகையும் அப்புறம் மாதாமாதம் ராயல்டியும், அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்கான கட்டணமும் கட்டுவார், உணவகத் துறையில் அது பெரும்பாலும் விற்பனையில் 4 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கும். இந்த ராயல்டி வழக்கமாக மொத்த விற்பனையின் மேல் போடப்படுகிறது, லாபத்தின் மேல் இல்லை. அதாவது கடைக்காரர் நஷ்டத்தில் ஓடினாலும் தலைமை அலுவலகத்துக்கு அதன் பங்கு போய்விடும். மாதக் கடைசியில் கையில் ஏதாவது நிற்க வேண்டுமென்றால் கடைக்காரர் எதில் கை வைக்க முடியும்? வாடகையைக் குறைக்க முடியாது, ராயல்டியைக் குறைக்க முடியாது, மசாலாவையும் அவர்கள் சொன்ன இடத்தில்தான் வாங்க வேண்டும். மிஞ்சுவது ஆட்களும் எண்ணெயும்தான். மூன்று சர்வர் வேண்டிய இடத்தில் இரண்டு பேர், இன்று மாற்ற வேண்டிய எண்ணெய் நாளை மறுநாள், மேனேஜருக்கு இரண்டு கிளைப் பொறுப்பு. எல்லாக் கடைக்காரரும் இப்படி இல்லை, நன்றாக நடத்துகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் கிளைக்குக் கிளை ருசியும் கவனிப்பும் மாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அம்மா முன்பு சாப்பிட்ட இடமும் நீங்கள் போன இடமும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

பெயரை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து ஆரம்பத்திலிருந்தே தெரியும். மெக்டொனால்ட்ஸ் 1961லேயே கடை எடுத்தவர்களுக்கும் மேனேஜர்களுக்கும் பயிற்சி கொடுக்கத் தனியாக ஒரு பள்ளியே ஆரம்பித்தது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு மூலையில் ஆறின சூப்பைக் கொடுத்தால் கெட்டுப்போவது எல்லாக் கிளைகளின் பெயரும்தான், அந்தப் பயத்தில்தான் திடீர் சோதனை, சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வந்து சாப்பிட்டு மதிப்பெண் போடுகிற ஆட்கள் என்று இவ்வளவு ஏற்பாடும் செய்கிறார்கள். உங்கள் புகார் அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற சோதனை அறிக்கை.

நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் மூன்றும் ஒரே எடை இல்லை.

தட்டுகள் வெவ்வேறு நேரத்தில் வந்தது ஒருங்கிணைப்பு இல்லாததால். ஆறு பேர் மேஜைக்கு எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டுமென்றால், எதை முதலில் அடுப்பில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று ஒருவர் நின்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் குறைந்தால் முதலில் காணாமல் போகிறவர் அவர்தான். இப்போது டெலிவரி ஆர்டரும் அதே அடுப்புக்குத்தான் வருகிறது. உட்காரும் இடத்தில் பாதி காலியாக இருந்தாலும் உள்ளே கிச்சன் மூச்சு முட்டிக்கொண்டிருக்கலாம். 50 நிமிடத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சூப் ஆறியிருந்தது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், குளிரில் வைப்பதாக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழே, அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். உங்கள் சூப் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு ஆறியதா, பாத்திரத்திலேயே வெதுவெதுப்பாகக் கிடந்ததா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை, அதைக் கேட்க வேண்டியது தலைமை அலுவலகம்.

எண்ணெய் விஷயம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து கறுக்கும், நுரைக்கும், முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும், அந்தச் சிக்கு வாடை பொரித்ததில் ஏறிக்கொள்ளும். இதை அளக்கக் கையடக்க மீட்டர் இருக்கிறது, எண்ணெயில் முக்கிப் பார்த்தால் போதும். சிதைவால் உண்டாகும் சேர்மங்கள் 24 அல்லது 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்று பல நாடுகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள். வாடை வருகிற அளவுக்கு விட்டிருக்கிறார்கள் என்றால் எண்ணெயை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சர்வர் பையனுக்கும் இதற்கும் துளி சம்பந்தம் கிடையாது.

சரி, இனி செய்ய வேண்டியது. முதலில் பில்லை எடுத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். பில்லில் நேரம், மேஜை எண், ஆர்டர் எண் எல்லாம் இருக்கும், அது இருந்தால் அன்றைய ஷிஃப்டில் பொறுப்பில் இருந்தவர் யார் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கும் ஒன்றாக அனுப்புங்கள், கிளை உரிமையாளருக்கும் தலைமை அலுவலகத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும். கிளைக்கு மட்டும் அனுப்பினால் அங்கேயே அமுங்கிப் போகலாம். தலைமைக்கு மட்டும் அனுப்பினால் உரிமையாளர் அவமானமாக எடுத்துக்கொண்டு ஊழியர்கள் மேல் பாய்வார். இரண்டு பேருக்கும் போயிருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தால் பேச்சு ஒழுங்காக நடக்கும்.

கடிதத்தில் கோபத்தைக் கொட்ட வேண்டாம், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். 'மோசமான அனுபவம்' என்று எழுதினால் அதை வைத்து அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதலாம்: 'இந்தத் தேதி, இந்த நேரம் ஆறு பேருக்கு ஆர்டர் கொடுத்தோம். முதல் தட்டு 50 நிமிடம் கழித்து வந்தது. எல்லாத் தட்டும் வருவதற்குள் ஒருவர் சாப்பிட்டு முடித்துவிட்டார். சூப் வெதுவெதுப்பாக இருந்தது. பொரித்த உணவில் பழைய எண்ணெய் வாடை வந்தது. குறையைச் சொன்னபோது மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள், அதைச் சரிசெய்ய வேறு யாரும் வரவில்லை.' அப்புறம் அது அம்மாவின் ஓய்வு நாள் என்பதை ஒரே ஒரு வரியில் சொல்லுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள், பணமா, மன்னிப்பா, எண்ணெயை எப்போது மாற்றுகிறார்கள் என்ற பதிலா. கேட்காவிட்டால் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

அந்தப் பையனைப் பற்றி அம்மா கவலைப்படுகிறார் அல்லவா, அந்தக் கவலை ரொம்ப நல்லது, அதைக் கடிதத்திலேயே கொண்டுவாருங்கள். அவன் பெயரையோ அடையாளத்தையோ எழுத வேண்டாம். 'எங்களுக்குப் பரிமாறியவர் மேல் எங்களுக்குப் புகார் இல்லை, அந்த நேரத்தில் அவருக்கு உதவ ஏன் யாரும் இல்லை என்பதுதான் எங்கள் கேள்வி' என்று நேராக எழுதிவிடுங்கள். நான் சர்வராக இருந்த காலத்தில் இப்படி ஒரு வரியை யாராவது எழுதியிருந்தால் அதை நகல் எடுத்து வைத்திருந்திருப்பேன். இதை அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள், அவருடைய தயக்கம் போய்விடும்.

கடிதம் எழுதாமல் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு விட்டுவிடலாமே என்று தோன்றலாம். அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும், வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் போடுகிற யெல்ப் என்ற இணையதளத்தின் மதிப்பீட்டையும் வைத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார், ஆனால் அது தனி உணவகங்களுக்குத்தான், ஒரே பெயரில் பல கிளைகளாக நடக்கும் உணவகங்களுக்கு அந்தத் தாக்கம் தெரியவில்லை. யோசித்தால் புரியும், பெயரை ஏற்கெனவே தெரிந்தவர்கள் நட்சத்திரத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விடுகிறார்கள், உங்கள் குடும்பமும் அப்படித்தான் போனது. அதனால் உங்கள் விஷயத்தில் நேரடிக் கடிதத்துக்குத்தான் பலன் அதிகம் என்று நினைக்கிறேன். பதிலே வராவிட்டால் அப்புறம் நடந்ததை அப்படியே பொதுவில் எழுதுங்கள்.

பெரும்பாலும் ஒரு கூப்பன் அனுப்புவார்கள். அதை வாங்கினால் போய்த்தான் ஆக வேண்டும் என்று இல்லை. தவறு நடந்து அதை நன்றாகச் சரிசெய்தால் வாடிக்கையாளருக்கு முன்பைவிட அதிகத் திருப்தி வரும் என்று சந்தைப்படுத்தல் துறையில் 1990களிலிருந்து பேசுகிறார்கள். அது சம்பந்தமான பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007இல் பார்த்தபோது திருப்தி கூடுவது தெரிந்தது, திரும்பி வரும் எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை. அதாவது அவர்கள் மன்னிப்புக் கேட்டால் உங்கள் மனசு ஆறலாம், ஆனாலும் அந்தப் படியை மறுபடி மிதிக்க விருப்பமில்லாமல் இருக்கலாம். அதில் தப்பே இல்லை.

இனி எங்கே போனாலும் ஒன்று செய்யுங்கள். இரண்டு வாய் சாப்பிட்டதுமே குறையைச் சொல்லிவிடுங்கள், மெதுவாக, 'இது ஆறியிருக்கிறது, மாற்றித் தர முடியுமா' என்று. தட்டு காலியான பிறகு சொன்னால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் எடுபடாது. மேனேஜர் இல்லை என்றால் 'இப்போது பொறுப்பில் யார் இருக்கிறார்கள்' என்று கேளுங்கள், பெரும்பாலும் யாராவது ஒருவரிடம் பொறுப்பை விட்டுவிட்டுத்தான் மேனேஜர் வெளியே போயிருப்பார். இறைச்சி நடுவில் வேகாமல் இருந்தால், சாப்பிட்டவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அது புகார்க் கடிதத்தோடு நிற்கிற விஷயம் இல்லை, முதலில் மருத்துவரிடம் போங்கள், பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

கணவர் விட்டுத் தள்ளச் சொல்வது உங்கள் நிம்மதிக்காகத்தான் இருக்கும், அவரோடு இதை வைத்து வாதாட வேண்டாம். அரை மணி நேரத்தில் எழுதி முடிக்கிற கடிதம் இது. அனுப்பியதும் இரண்டு வாரம் காத்திருங்கள். அதற்குள் அம்மாவை வேறு ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இந்தத் தடவை அவரே இடத்தைச் சொல்லட்டும். மேஜை பதிவு செய்யும்போதே 'ஆறு பேர், எல்லாத் தட்டும் ஒன்றாக வர வேண்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.