அந்தச் சப்பாத்தை வாங்கித் தந்தது யார்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக: அக்கா, எனக்கு 22 வயது. கனகராயன் ஆற்றுப் பக்கம் ஊர். பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் (பாறை, மண் பற்றிய படிப்பு) மூன்றாம் வருடம், சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். போன மாதம் வெளிக்கள முகாமில் பாறையைக் காட்டிக் கேட்ட கேள்விக்கு என்னால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியவில்லை. "வன்னியிலிருந்து வந்துவிட்டு வன்னித் தொகுதிப் பாறைகள் பற்றியே தெரியாதா?" என்று விரிவுரையாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். படித்து முடித்த சீனியர்மார், பெண்களுக்கு இதில் வேலை இல்லை என்கிறார்கள். தம்பி வாங்கித் தந்த சப்பாத்தும் இரண்டாம் நாளே அடி கழன்று, சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தேன் (அவன் ஓ.எல் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டான், 17 வயது, டிப்பரில் மணல் ஏற்றப் போகிறான்). அவனிடம் சொல்லவில்லை. அப்பா 2009இல் போய்விட்டார். பொதுப் பட்டத்தோடு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டுமா?

பிள்ளை,

ஆங்கிலம் வரவில்லை, சேர் ஏசினார், விட்டுவிடட்டுமா என்று எனக்கு மாதம் ஒரு கடிதமாவது வரும். நெடுங்கேணி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று ஊர்தான் மாறும். அதனால் உன்னைத் தேற்றிக்கொண்டிருக்கப் போவதில்லை. உன் கடிதம் ஐந்து பக்கம். மூன்று பக்கம் விரிவுரையாளருக்கு, ஒரு பக்கம் சீனியர்மாருக்கு. தம்பிக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. 17 வயதுப் பிள்ளை மணல் ஏற்றுகிற காசில் உனக்குச் சப்பாத்து வாங்கித் தந்திருக்கிறான், நீ அதன் அடி கழன்றதைத்தான் எழுதியிருக்கிறாய்.

அவன் எங்கே மணல் ஏற்றுகிறான்? எந்த ஆற்றில், பகலிலா இரவிலா? டிப்பர்காரனிடம் பெர்மிட் இருக்கிறதா? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும், ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதி வேண்டும். இதை உன் துறையில் படிப்பிக்கிறார்கள். பொலிஸ் மறித்தால் முதலாளி வரமாட்டான், மண்வெட்டியோடு நிற்கிற பெடியன்தான் பிடிபடுவான். அக்காவுக்குச் சட்டம் தெரியும், தம்பிக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இது எப்படி நடந்தது என்று எனக்குக் கோபம் வருகிறது.

கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போதும் மணலுக்குள் தண்ணீர் நிற்கும். முழங்கை ஆழம் தோண்டினால் ஊறும், முதலில் கலங்கி, இரண்டு சிரட்டை இறைத்தபின் தெளிந்து. நீயும் சின்ன வயதில் அப்படித் தோண்டியிருப்பாய். அந்த மணலை அள்ள அள்ள ஆற்றுப் படுக்கை பதிகிறது, கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது, மாரியில் கரை இடிந்து விழுகிறது. ஏன் இப்படி நடக்கிறது என்று வரைபடம் போட்டு விளக்கக்கூடிய ஒரே ஆள் உங்கள் வீட்டில் நீதான், அந்த மணலை ஏற்றுகிறவனும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறான். இரண்டு பேரும் இதுபற்றி ஒருநாளாவது கதைத்தீர்களா?

2009இல் அவன் கைக்குழந்தை, உனக்கு ஆறு வயது. அப்பா இல்லாத வீட்டில் தம்பியின் படிப்புக்கு மூத்த பிள்ளைதான் பொறுப்பு. இது பழைய காலத்துக் கதை என்று யாராவது உனக்குச் சொன்னால் கேட்காதே, நான் அப்படித்தான் நம்புகிறேன். எங்கள் வீட்டில் அண்ணன் லொறிக்குப் போனார், நான் படித்தேன். அவர் ஏன் பள்ளிக்கூடம் விட்டார் என்று நான் கேட்டபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. "இப்ப ஏன் கேக்கிறாய்" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கும் வருகிறேன். எல்லோர் முன்னாலும் ஊரைச் சொல்லிக் காட்டியது தவறு. ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. உன் மண்ணின் பெயரைத்தான் உலகம் முழுவதும் புவிச்சரிதவியலாளர்கள் அந்தப் பாறைகளுக்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 100 கோடி ஆண்டுப் பழைய பாறைகள், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. உயர்நிலத் தொகுதி என்கிற பக்கத்துப் பாறைக் கூட்டத்துக்கும் வன்னித் தொகுதிக்கும் நடுவே எல்லை சரியாக எங்கே ஓடுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. இதை முதலில் தமிழில் எழுது, அப்புறம் ஆங்கிலத்தில் மாற்றி எழுது, எழுதியதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போ. போய், இறுதி வருட ஆய்வுக்கு உங்கள் ஆற்றையே எடுக்கலாமா என்று கேள்.

வேலை இல்லை என்கிற சீனியர்மார் எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தார்கள் என்றும் கேட்டுப் பார். நீர்வளச் சபை, தேசிய நீர் வழங்கல் சபை, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், புல்மோட்டைக் கனிய மணல் நிறுவனம் எல்லாம் இந்தப் படிப்புக்குரிய இடங்கள்தான். நம் பக்கத்துக் கருங்கல் தரையில் தண்ணீர் நிற்பது பாறை உக்கிய மேல்தட்டிலும் வெடிப்புகளிலும்தான். அதனால் ஒரு வளவில் குழாய்க்கிணறு தண்ணீர் தரும், அடுத்த வளவில் வெறும் துளை. இங்கே சனம் வேப்பங்கவையைப் பிடித்துக்கொண்டு நடந்து தண்ணீருக்கு இடம் சொல்கிற ஆளை நம்பிக் காசைக் கொட்டுகிறது. நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கருவியால் அளந்து தண்ணீருக்கு இடம் சொல்லத் தெரிந்த, தமிழில் விளக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டாமா?

சிறப்புப் பட்டத்தை விடாதே. விட்டுவிட்டு வந்தால் அவன் சுமந்த மணலெல்லாம் வீண்.

சப்பாத்துக்கு இனி அவனிடம் காசு வாங்காதே. முடித்துப் போன அக்காமாரிடம் பழைய சோடி கட்டாயம் கிடக்கும், வாய் திறந்து கேள். இந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறு. அம்மாவுக்கும் நீ என்ன படிக்கிறாய் என்று கிணற்றடியில் வைத்துச் சொல், அவவுக்கு விளங்கும். தம்பி சாப்பிட்டு முடிந்தபின் சப்பாத்துப் பிய்ந்த கதையை நீயே சொல்லு, பிறகு அவன் எங்கே வேலை செய்கிறான் என்று கேள். ஓ.எல்லில் எந்தப் பாடம் விட்டது, திரும்ப எழுத விருப்பமா, இல்லையென்றால் தொழில்நுட்பக் கல்லூரியில் என்ன பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று திங்கட்கிழமை இரண்டு பேருமாகப் போய் விசாரியுங்கள். உனக்கு ஒரு நாள் விரிவுரை போனால் போகட்டும்.

எனக்குத் திரும்ப எழுது. அந்தக் கடிதத்தில் அவன் பெயரையும் எழுது.