டியன் பியன் பூ அதிர்ஷ்டத்தில் வந்ததா?

கேள்வி: பிரான்ஸை எதிர்த்து நடந்த வியட்நாம் விடுதலைப் போரில் பெரிய சண்டை என்று சொல்ல டியன் பியன் பூ ஒன்றுதானே இருக்கிறது? அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் தாங்களாகவே போய்ப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டதால் கிடைத்த அதிர்ஷ்டம். மற்றபடி எட்டு வருடமும் காட்டில் ஒளிந்திருந்து சுட்டதுதானே? (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: இல்லை, இரண்டுமே தவறு. டியன் பியன் பூ என்பது வடமேற்கு வியட்நாமில் லாவோஸ் எல்லையோரம் இருக்கும் பள்ளத்தாக்கு, அங்கிருந்த பிரெஞ்சு முகாம் 1954 மே மாதம் வீழ்ந்தது. ஒளிந்திருந்து சுட்டே நாட்டை மீட்டுவிட்டார்கள் என்று சொல்வது, நேருக்கு நேர் மோதிச் செத்த ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

1950 செப்டம்பர், அக்டோபரில் சீன எல்லையை ஒட்டிப் போகும் நான்காம் எண் சாலையில் என்ன நடந்தது என்று பாருங்கள். காவ் பாங் கோட்டையைக் காலி செய்துவிட்டு இறங்கி வந்த பிரெஞ்சுப் படை ஒன்று, அதைக் கூட்டிவர மேலேறிய படை இன்னொன்று, இரண்டையும் சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே வியட் மின் (ஹோ சி மின் தலைமையிலான விடுதலை இயக்கம்) படை சிதறடித்தது. இரண்டு தளபதிகளும் கைதானார்கள். அந்த வெற்றி தந்த தெம்பில் வியட் மின் தளபதி ஜெனரல் கியாப் 1951 ஜனவரியில் ஹனோய்க்கு வடமேற்கே வின் யென் சமவெளியில் அலை அலையாக ஆட்களை இறக்கினார். பிரெஞ்சு விமானங்கள் நாபாம் என்ற தீக்குண்டு போட்டன. வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் கருகினார்கள். அதே வருடம் சமவெளியில் இன்னும் இரண்டு முறை மோதி, இரண்டிலும் தோற்றார்கள். 1952 கடைசியில் நா சான் என்ற பிரெஞ்சு முகாம். நடுவே விமான ஓடுதளம், சுற்றிக் குன்றுகளில் அரண், சோறும் தோட்டாவும் ஆகாய வழியாக. அங்கேயும் கியாப் படையைப் பலிகொடுத்துவிட்டுத்தான் பின்வாங்கினார்.

நீங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்வதற்கு விளக்கம் இந்த நா சானில்தான் இருக்கிறது. அங்கே தாக்குப்பிடித்த முறையை இன்னும் பெரிதாகச் செய்து பார்க்கலாம், லாவோஸ் பாதையையும் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் பிரெஞ்சுத் தளபதி ஜெனரல் நவார் 1953 நவம்பர் 20 அன்று டியன் பியன் பூவில் பாராசூட் படையை இறக்கினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு குழியில் விழவில்லை, முந்தைய வெற்றியை நம்பிப் போனார். அந்த மலைகளில் கனரக பீரங்கியை ஏற்றவே முடியாது, ஏற்றினாலும் சுடத் தொடங்கிய உடனே அடித்து நொறுக்கிவிடலாம் என்று அவருடைய ஆட்கள் உறுதியாக நம்பினார்கள்.

ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள 105 மி.மீ. பீரங்கிகள், வடம் கட்டி, கையால் இழுத்து, இரவில். ஜனவரி 25 அன்று தாக்குதல் என்று நாள் குறித்து, ஒருநாள் தள்ளிப்போட்டு, எல்லாம் தயார், படை துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கியாப் வேண்டாம் என்றார். இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம் என்ற திட்டத்தில் போனால் நா சான் கதைதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஏற்றிய பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். அப்படி இழுத்து வரும்போதுதான் சரிவில் நழுவிய விமான எதிர்ப்பு பீரங்கி ஒன்றை நிறுத்த தோ வின் தியன் என்ற வீரர் சக்கரத்துக்கு அடியில் பாய்ந்து உயிரைவிட்டார். தன் வாழ்க்கையிலேயே கடினமான முடிவு அது என்று கியாப் பின்னாளில் எழுதினார். என்னைக் கேட்டால், அந்தப் போரின் பெரிய சண்டை அந்த ராத்திரி நடக்காமல் போன சண்டைதான்.

அப்புறம் ஏழு வாரம் ஆயத்தம். வியட்நாமியக் கணக்குப்படி சுமார் 2,60,000 பொதுமக்கள் அரிசியும் குண்டும் சுமந்தார்கள், பெண்களும்தான். சுமார் 20,000 சைக்கிள்கள். ஏறி ஓட்டுவதற்கு அல்ல, ஹேண்டில்பாரில் மூங்கில் கழி கட்டி 200 கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டு நடப்பதற்கு. கிளம்பிய அரிசியில் பெரும்பகுதி சுமப்பவர்களின் வயிற்றுக்கே வழியில் போய்விடும், அந்தத் தூரம் அப்படி.

மார்ச் 13 மாலை பீரங்கிகள் முழங்கின. முதல் அரண் அன்றிரவே விழுந்தது. பிரெஞ்சு பீரங்கிப் படைத் தலைவர் பிரோத், ஒற்றைக் கை இழந்தவர், இரண்டு நாளில் கையெறி குண்டை வெடிக்கவைத்துத் தன்னை மாய்த்துக்கொண்டார். மார்ச் கடைசியில் ஓடுதளமும் போயிற்று. ஆனாலும் சுலபமாக முடியவில்லை. கிழக்குக் குன்றுகளில் வியட் மின் வீரர்கள் செத்த வேகத்தில் படையின் மனமே தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் பதுங்குகுழி தோண்டித் தோண்டி, நாளுக்குக் கொஞ்சமாக நெருங்கினார்கள். அந்தக் குன்றுகளில் ஒன்றான ஏ1-க்கு அடியில் சுரங்கம் வெட்டி, ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான வெடிமருந்தை மே 6 இரவு வெடித்தார்கள். மே 7 மாலை எல்லாம் முடிந்தது. ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது மறுநாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிடிபட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் உயிரோடு திரும்பினார்கள். நீண்ட நடையும் பசியும் நோயும் கொன்றன. வியட்நாமின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கடலூர்க்காரரான உங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. பக்கத்திலிருக்கும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து எத்தனையோ தமிழர்கள் பிரெஞ்சு ராணுவத்திலும் சைகோன் அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். டியன் பியன் பூ விழுந்த அடுத்த மாதமே பாரிஸில் ஆட்சி கவிழ்ந்தது. புதிதாக வந்த பிரதமர் மெந்தெஸ் பிரான்ஸ் ஜூலையில் போரை நிறுத்தும் ஜெனீவா ஒப்பந்தத்தை முடித்தார், அவர் ஆட்சியிலேயே அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் இந்தியாவோடு இணைவது பற்றி மக்கள் பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு நடந்து, நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. இங்கே நடந்த போராட்டத்தின் பலன்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் தோற்றுப்போயிருந்த பிரான்ஸோடுதான் பேசினோம் என்பதையும் மறக்க முடியாது. அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியதும் அதே நவம்பர் 1 அன்றுதான், அதில் சேர்ந்தவர்களில் இந்தோசீனாவில் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டுத் திரும்பிய அல்ஜீரியர்களும் இருந்தார்கள்.