மேப்பில் இருக்கும் சமுதாயக்கூடம் எப்போது வரும்?

தம்பி, மெல்போர்னில் டார்னீட் பக்கம் புது எஸ்டேட்டில் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். விற்பனை ஆபீஸில் காட்டிய மேப்பில் சமுதாயக்கூடம், கிண்டர் (பள்ளிக்கு முந்தைய பாலர் பள்ளி), மைதானம் எல்லாம் கலர் கலராக இருந்தது, நேரில் போனால் புல்லும் கல்லும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதையெல்லாம் யார் கட்டுவார்கள், கோபியிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் இருந்தால் பகலில் எங்கே போவார்கள் என்பது உங்கள் கேள்வி. மெல்போர்னின் மேற்கே இதே மாதிரி ஒரு இடத்தில் 14 வருடமாகக் குடியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோனியம்மன் தேருக்காக ஊருக்கு வந்தவன், இப்போது சரவணம்பட்டியில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுகிறேன். எதிரே ஒரு ரிசர்வ் சைட். லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கி எழுதிக் கொடுத்த இடம், இன்னும் சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரிசர்வ் சைட்டில் நடைபாதை, ஊஞ்சல், சாயங்காலம் பெரியவர்கள் கூட்டம். அந்தத் தெருக்காரர்கள் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்களே திரட்டிக் கட்டி, மீதியை அரசிடம் வாங்கிவிட்டார்கள். இடம் ஒதுக்குவது வேறு, பணம் ஒதுக்குவது வேறு. மெல்போர்னிலும் இதேதான்.

உங்கள் மேப்பில் இருப்பது பொய் இல்லை. புறநகர் விரியும் இடங்களுக்கெல்லாம் முன்கூட்டியே பிரீசிங்க்ட் ஸ்ட்ரக்சர் பிளான் என்று ஒன்று போடுகிறார்கள். எந்த மூலையில் பள்ளி, எதில் சமுதாயக்கூடம் என்று அதில் குறித்திருக்கும். ஆனால் தேதி இருக்காது. எஸ்டேட்டுக்குள் ரோடு, சாக்கடை, சின்னப் பூங்கா இவை டெவலப்பர் வேலை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில் மாநில அரசு வேலை. கிண்டர், குழந்தை நல நர்ஸ் இருக்கும் கட்டடம், நூலகம், சமுதாயக்கூடம் பெரும்பாலும் கவுன்சில் பொறுப்பு. கவுன்சில் என்றால் நம்மூர் நகராட்சி மாதிரி. உங்களுக்குத் தேவையான அத்தனையும் கவுன்சில் தலையில்தான் இருக்கிறது.

அதற்குக் கவுன்சிலிடம் பணம் எங்கே? டெவலப்பர் கட்டும் பங்களிப்புத் தொகை ஒன்று வரும். ஆனால் சமுதாயக் கட்டடங்களுக்காக ஒரு வீட்டுக்கு வாங்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அடுத்து நாம் கட்டும் ரேட்ஸ், அதாவது வீட்டு வரி. அதையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, 2016-17 முதல் ஆண்டுக்கு இவ்வளவுதான் உயர்த்தலாம் என்று மாநில அரசு வரம்பு வைக்கிறது. உங்கள் விண்டம் கவுன்சிலில் மட்டும் 2021 கணக்கெடுப்பில் சுமார் 2,92,000 பேர். வருகிற ஜனத்துக்கும் வருகிற காசுக்கும் நடுவே பள்ளம் விழுவது இப்படித்தான்.

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மானியம். 2015-இல் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநில அரசு முதல் வருடம் 5 கோடி டாலர் ஒதுக்கித் தொடங்கியது குரோயிங் சபர்ப்ஸ் ஃபண்ட், அதாவது வளரும் புறநகர்களுக்கான நிதி. விண்டம், மெல்டன், ஹியூம், விட்டில்சி, கேசி, கார்டினியா என்று மெல்போர்ன் விளிம்பில் இருக்கும் பத்துக் கவுன்சில்களுக்காக வந்தது, பிறகு கொஞ்சம் தள்ளியிருக்கும் ஆறு கவுன்சில்களையும் சேர்த்தார்கள். எவ்வளவு தொகை என்பது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். இதில் மூன்று விஷயத்தை மனதில் வையுங்கள். விண்ணப்பிக்கக் கவுன்சிலால்தான் முடியும், நம் மாதிரி ஆட்களால் முடியாது. கவுன்சிலும் தன் பங்கைப் போட வேண்டும். அப்புறம், வேலை சீக்கிரம் தொடங்கும் நிலையில் இருக்க வேண்டும். படம்கூட வரையாத கட்டடத்துக்குப் பணம் கேட்டு நிற்க முடியாது.

எங்களுக்கு இடித்தது இந்த மூன்றாவதுதான். இடம் இருந்தது, மேப்பில் கிண்டர் இருந்தது, ஆனால் வரிசையில் எங்கள் கட்டடம் பின்னால் கிடந்ததால் டிசைன் செலவுக்கே கவுன்சில் பணம் போடவில்லை. குழந்தையை இருபது நிமிடம் காரில் கொண்டுபோய் விட்டு, திரும்ப வந்து, மறுபடி போய்க் கூட்டி வருவோம். என் மனைவி இரண்டு வருடம் வேலைக்கே போகவில்லை. அது எங்களுக்குப் பெரிய இழப்பு. கடைசியில் குழந்தை நல நர்ஸ் ஏற்பாடு செய்த தாய்மார் குழுவில்தான் விடிவு பிறந்தது. பஞ்சாபிக் குடும்பங்கள், ஒரு வியட்நாம் குடும்பம், நாங்கள், எல்லாம் பதினோரு வீடு. ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பவில்லை. ஒவ்வொரு வீடும் தன் கதையை எழுதியது. எங்கள் மூன்று தெருவில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் என்று எண்ணியும் கொடுத்தோம். அடுத்த பட்ஜெட்டில் டிசைனுக்குப் பணம் வந்தது. டிசைன் கையில் இருந்ததால் அதற்கடுத்த சுற்றில் மானியமும் கிடைத்தது. கதவு திறக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் டெவலப்பரை நச்சரித்துப் பயனில்லை. கவுன்சில் பட்ஜெட் வரைவு ஏப்ரல், மே வாக்கில் பொதுமக்கள் கருத்துக்கு வரும், ஜூன் 30-க்குள் நிறைவேறிவிடும். அதில் உங்கள் கட்டடத்தின் பெயர் இருக்கிறதா, எந்த வருடத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். பெயரே இல்லை என்றால் அதுதான் உங்கள் முதல் மனு. அத்திக்கடவு–அவிநாசித் தண்ணீருக்கு நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுத்தானே 2024 ஆகஸ்ட்டில் வந்தது? கேட்கிற குணம் நம்மிடம் உண்டு. அங்கே போனதும் 'வந்த இடம், நமக்கெதுக்கு வம்பு' என்று வாயை மூடிக்கொள்கிறோம். அது எனக்கு ஆறவே ஆறாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குடியுரிமை இல்லாவிட்டாலும், சொந்த வீட்டுக்கு ரேட்ஸ் கட்டி அதே கவுன்சில் பகுதியில் குடியிருந்தால் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம். தானாகப் பெயர் சேராது, கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த தேர்தல் 2028 அக்டோபரில்.

அப்பா அம்மா விஷயத்துக்குக் கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டார்னீட்டிலேயே முன்னாள் பிரதமர் ஜூலியா கில்லார்டு பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது, அங்கே கூட்டிப் போங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் பக்கத்து ஏரியா சமுதாயக்கூடத்தில் வாரம் ஒருநாள் அறை கேட்கலாம். சிறு குழுக்களுக்குக் கவுன்சிலே சின்ன மானியம் தருகிறது. சங்கமாகப் பதிய ஐந்து உறுப்பினர் போதும், அதுவரை பதிவான வேறொரு சங்கத்தின் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். வாரா வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் எஸ்டேட்டுக்குக் கூடம் கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

நான் பங்குனி கடைசியில் திரும்பிவிடுவேன். பட்ஜெட் வரைவு அதையொட்டித்தான் வரும். உங்கள் எஸ்டேட் மேப்பை எடுத்து வையுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் மனுவை எழுதிவிடலாம்.