எறிகணை (செல்) துண்டா, நிறமூர்த்தமா? வைத்தியர் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் (சி.எம்.எல்.) என்று சொல்லிவிட்டார்கள். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் (கலத்துக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) துண்டு மாறி ஒட்டியிருப்பதாக றிப்போர்ட்டில் இருக்கிறது. 2009இல் போரில் பட்ட எறிகணைத் துண்டு (செல் துண்டு) இன்னும் அவர் காலில் இருக்கிறது. அதனால் வந்ததா? மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம். பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்: அம்மா, பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது பரம்பரையாகக் கடத்தப்படும் நோய் அல்ல. உங்கள் கணவர் பிறக்கும்போது அவர் உடம்பில் இந்த மாற்றம் இருக்கவில்லை. வளர்ந்த பிறகு எலும்பு மச்சையில் ஒரே ஒரு கலத்தில் நடந்து, அந்தக் கலத்தின் வழியில் பெருகியிருக்கிறது. விந்துக் கலத்தில் அது இல்லை. பிள்ளைகளுக்கு இதற்கென்று எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. மகளின் கலியாணப் பேச்சில் இதை ஒரு குறையாக யாரும் எடுக்க நியாயமே இல்லை.

சரி, துண்டு எப்படி மாறியது? நம் கலங்களில் டி.என்.ஏ. இழை அவ்வப்போது முறிந்துகொண்டேதான் இருக்கும். கலம் பிரிவதற்காக டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும்போதும் முறியும், கலத்தின் சொந்த வேதித் தாக்கங்களாலும் முறியும். இரு இழையும் சேர்ந்து முறிந்தால் கலம் இரண்டு வழிகளில் திருத்தும். ஒன்று, பக்கத்தில் இருக்கும் பிரதியைப் பார்த்து அப்படியே நிரப்புவது. பிரதி எடுத்த பிறகுதான் அது முடியும். மற்றது, முறிந்த நுனிகளைப் பிடித்து நேரே ஒட்டுவது. இது விரைவானது, எந்நேரமும் நடப்பது, ஆனால் எந்த நுனி எதனுடையது என்று வாசித்துப் பார்க்காது. கிணற்றடியில் இரண்டு கயிறுகள் ஒரே நேரத்தில் அறுந்துகிடக்க, இருட்டில் கைக்கு வந்த நுனிகளை முடிந்துவிடுவது போல. பெரும்பாலும் சொந்த நுனிகள் பக்கத்திலேயே கிடப்பதால் சரியாகவே ஒட்டிவிடும். இரண்டு நிறமூர்த்தங்கள் அருகருகே ஒரே சமயத்தில் முறிந்தால்தான் மாறி ஒட்ட வாய்ப்பு வருகிறது. நம்மைக் காப்பாற்றுகிற திருத்த வேலைதான் இங்கே பிழையாகிவிட்டது.

அப்படி ஒட்டும்போது 9ஆவதில் இருக்கும் ஏ.பி.எல். மரபணு, 22ஆவதில் இருக்கும் பி.சி.ஆர். (BCR) மரபணுவோடு சேர்ந்துவிடுகிறது. அதில் உருவாகும் புரதம் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் கட்டளை கொடுக்கும். குட்டையாகிப்போன அந்த 22ஆம் நிறமூர்த்தத்தை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டார்கள். அது துண்டு மாறியதால் வந்தது என்று 1973இல் அமெரிக்க மரபியல் ஆய்வாளர் ஜேனட் றௌலி காட்டினார். அந்தப் புரதத்தையே அடக்கும் இமாற்றினிப் குளிசை 2001இல் பாவனைக்கு வந்தது.

செல் துண்டுக்கு வருவோம். இந்த நோய்க்கு உறுதியாகத் தெரிந்த வெளிக் காரணம் அதிக அளவு அயனாக்கும் கதிர்வீச்சு ஒன்றுதான். ஹிரோஷிமாவில் அணுகுண்டிலிருந்து தப்பியவர்களிடம் அதைப் பார்த்தார்கள். சாதாரண செல் வெடிப்பில் அந்தக் கதிர்வீச்சு இல்லை. காலில் கிடக்கும் இரும்புத் துண்டு இந்த நோயைத் தந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பெரும்பாலானோருக்கு வெளிக் காரணம் எதுவும் இருப்பதில்லை. அந்த நாட்களில் இன்னும் கவனமாக இருந்திருக்கலாமே என்று நீங்கள் இருவரும் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்தால் எடுக்கும் ஸ்கான்) எடுக்கச் சொன்னால், உடம்பில் செல் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வன்னியில் பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இனி முக்கியம் குளிசைதான். இமாற்றினிப் என்றால் சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீருடன், நாள்தோறும் எடுக்க வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று தானாக நிறுத்தக்கூடாது. பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையை, தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் செய்யுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், தோலில் தடிப்பு, தசைப்பிடிப்பு வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு குளிசைக்கு மாற்றலாம். காய்ச்சலோ இரத்தக் கசிவோ இருந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.