அண்ணன் பெயரில் புல்லட், தவணை மட்டும் உங்களுக்கா?

கேள்வி: எனக்கு வயது 27. வீடு பல்லடத்தில், வேலை திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில். பிடித்தம் போகக் கைக்கு 24,000 ரூபாய் வரும். வேலை முடியவே ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது, அதற்குமேல் பஸ்ஸை நம்ப முடியவில்லை. கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டேன். உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 46 கிலோ. பெரியம்மா மகன் 2023-ல் லோனில் எடுத்த ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-ஐ என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கையில் 30,000 கொடுத்துவிட்டு, மீதி 20 தவணையை மாதம் 6,200 வீதம் நான் கட்ட வேண்டும். லோன் முடிந்ததும் பெயர் மாற்றித் தருவாராம். “வெளியாளுக்குப் போவதற்கு நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்” என்கிறார் அம்மா. எனக்கு 350 சிசி சரிப்படுமா, இல்லை சின்ன வண்டியாகப் பார்க்கட்டுமா? சேமிப்பு 45,000 இருக்கிறது. தம்பியின் போனுக்கு 1,900 தவணை கட்டுகிறேன், அத்தை பெயரிலுள்ள சீட்டுக்கு 2,000 போகிறது. பழைய வண்டி விற்கும் கடையில் 12 சதவீத வட்டிக்கு லோன் தருவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: எந்த வண்டி என்பதை அப்புறம் பார்ப்போம். போன் தவணையையும் சீட்டையும் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கவலை. போன் தம்பி கையில், தவணை உங்களுக்கு. சீட்டு அத்தை பெயரில், மாதாமாதம் பணம் உங்களுடையது. இப்போது வண்டி அண்ணன் பெயரில், அதற்கும் நீங்களே கட்ட வேண்டும் என்கிறார்கள். மூன்றையும் கூட்டினால் 10,100 ரூபாய். சம்பளத்தில் நூற்றுக்கு 42 போய்விடும், உங்கள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. வீட்டு மனிதர்கள் மேல் உங்களுக்குள்ள பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பழக்கம் உங்களுக்குக் கெடுதல், அதை இந்த வண்டியோடு நிறுத்துங்கள்.

அண்ணன் சொல்லும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கையில் 30,000, தவணை 1,24,000. மொத்தம் 1,54,000 ரூபாய். இவ்வளவும் கொடுத்து முடிக்கும்வரை ஆர்சி அவர் பெயரில்தான், அதில் ஃபைனான்ஸ் கம்பெனியின் அடமானக் குறிப்பும் இருக்கும். தவணை அவர் வங்கிக் கணக்கிலிருந்துதானே பிடிக்கப்படும்? நீங்கள் மூன்றாம் தேதி 6,200 அனுப்புகிறீர்கள், நாலாம் தேதி அந்தப் பணம் வேறு அவசரத்துக்குப் போய்விடுகிறது, ஐந்தாம் தேதி தவணை பவுன்ஸ் ஆகிறது என்று வையுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படி நடந்தால், வண்டியைத் தூக்க ஆள் வரும்போது உங்கள் கம்பெனி வாசலில் நின்று நீங்கள் என்ன சொல்ல முடியும்? ஒழுங்காகக் கட்டினாலும் நல்ல பெயர் அவர் சிபில் கணக்கில்தான் ஏறும். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் பணம் முதலில் ஃபைனான்ஸுக்கு, மிச்சம் அவருக்கு.

அண்ணனுக்கும் இது நல்லதல்ல. வண்டியைக் கைமாற்றிவிட்டு ஆர்சியில் பெயர் மாற்றாமல் விட்டால், விபத்து இழப்பீட்டுக்கு ஆர்சியில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு மறுக்கச் சங்கடமாக இருந்தால், இதையே காரணமாகச் சொல்லுங்கள். உண்மையான காரணமும்கூட.

அடுத்தது ஓட்டும் செலவு. போக வர தினம் 30 கிலோமீட்டர், மாதம் சுமார் 750. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றே வைப்போம். கிளாசிக் லிட்டருக்கு 35 கொடுத்தால் 2,150 ரூபாய் ஆகும். 60 கொடுக்கும் சின்ன வண்டிக்கு 1,250 போதும். தவணை, பெட்ரோல், சர்வீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் ஒதுக்க ஒரு 700 என்று சேர்த்தால் புல்லட்டுக்கு மாதம் 9,000-ஐத் தாண்டுகிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் இன்று உங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அப்படியென்றால் இது முழுக்க முழுக்கப் புதுச் செலவு.

இனி உங்கள் உயரம். எல்லோரும் சிசியைத்தான் கேட்கிறார்கள், இருக்கை உயரத்தையும் எடையையும் கேட்பதில்லை. கிளாசிக் 350-ன் இருக்கை 805 மில்லிமீட்டர், ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்கு 785. வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தான். எடையைப் பாருங்கள்: கிளாசிக் 195 கிலோ, ஸ்பிளெண்டர் 112 கிலோ. உங்கள் எடையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் ஒன்று, இரண்டரை மடங்கு இன்னொன்று. ஓடும்போது இது தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு, மழை பெய்து சொதசொதவென்று இருக்கும் ஸ்டாண்டில், இரண்டு பக்கமும் வண்டிகள் ஒட்டி நிற்க, லேசான ஏற்றத்தில் பின்பக்கமாக இழுத்து எடுக்கும்போது தெரியும். கால் நுனி மட்டும் தரையில் பட்டுக்கொண்டிருக்க, 195 கிலோ ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் பிடித்து நிறுத்துவது சிரமம். உயரம் குறைந்தவர்கள் புல்லட் ஓட்டுவதே இல்லையா என்றால், ஓட்டுகிறார்கள், நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் தினசரி வேலைக்கு, அதுவும் முதல் கியர் வண்டியாக, உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

100 முதல் 125 சிசிக்குள் தேடுங்கள். ஸ்பிளெண்டர், ரேடியான், ஷைன் 125 எல்லாம் 110 கிலோவை ஒட்டி இருப்பவை, பல்லடத்தில் எந்த மெக்கானிக்கும் கைவைப்பார். அந்த ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ராத்திரியில் வருவதால் பிரேக்கையும் யோசியுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ், அதாவது திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயம். அது வேண்டுமென்றால் யமஹா எஃப்இசட் மாதிரி ஒன்றைப் பார்க்கலாம். 149 சிசி, 135 கிலோவை ஒட்டிய எடை, இருக்கை 790. 150 சிசி வரை மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி 714 ரூபாய், அதைத் தாண்டினால் 1,366. அவெஞ்சர் 160-ன் இருக்கை 737 மில்லிமீட்டர்தான், கால் தாராளமாக ஊன்றும். ஆனால் வண்டி நீளம், 150 கிலோவுக்கு மேல், ஸ்டாண்டில் திருப்புவது சிரமம்.

காகிதத்தில் உள்ள அளவை மட்டும் நம்பாதீர்கள். இருக்கை அகலமாக இருந்தால் கால் விரிந்து, அதே உயரத்திலும் எட்டாது. வேலைக்குப் போட்டுப்போகும் செருப்போடு உட்காருங்கள். இரண்டு பாதத்தின் முன்பகுதியும் அழுந்தப் பட வேண்டும், இல்லாவிட்டால் இடது கால் முழுதாக ஊன்ற வேண்டும். அப்புறம் இறங்கி நின்று பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள், சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பாருங்கள். கொஞ்சம்தான் எட்டவில்லை என்றால் சீட் கடையில் ஸ்பாஞ்சைச் செதுக்கிக்கொள்ளலாம். சஸ்பென்ஷனை இறக்கித் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம்.

அந்தக் கடை லோன். “12 சதவீதம்தான்” என்பதைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது, ஏனென்றால் அது பெரும்பாலும் ஃபிளாட் வட்டி, அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் போடும் வட்டி. 60,000 ரூபாய்க்கு இரண்டு வருடத்துக்கு 14,400 வட்டி, மாதம் 3,100 தவணை. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் கணக்கிட்டால் இது 21 சதவீதத்துக்கும் மேல். ஐந்தே நிமிடத்தில் பணம் தரும் ஆப்களையும், முன்பணமே இல்லாமல் புது வண்டி என்னும் விளம்பரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

உங்களுக்கு லோனே தேவையில்லை. மாதம் 6,200 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அதை நான்கு மாதம் உங்கள் கணக்கிலேயே போடுங்கள், 24,800 சேரும். சேமிப்பில் 15,000-ஐ அவசரத்துக்கு விட்டுவிட்டு 30,000 எடுங்கள். மொத்தம் 54,800. இதில் வண்டிக்கு 48,000-க்குமேல் போக வேண்டாம். மிச்சம் டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி, பெயர் மாற்றச் செலவுக்கு. அந்த நான்கு மாதமும் ராத்திரி வீடு வர, அதே பக்கம் வருபவர்களோடு ஷேர் ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள். போன் தவணை இன்னும் எத்தனை பாக்கி என்று தம்பியிடம் எழுதிக் காட்டி, பாதியையாவது ஏற்கச் சொல்லுங்கள். அடுத்த சீட்டு போட்டால் உங்கள் பெயரில், பதிவு செய்த நிறுவனத்தில் போடுங்கள்.

விலை பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் வாங்கியவர் தன் பழைய பில்லைக் காட்டி விலை சொல்வார். நீங்கள் இன்றைய ஷோரூம் விலையை வைத்துப் பேசுங்கள்.

அண்ணனுக்கு உதவ வேண்டுமென்றால் வழி இருக்கிறது. லோனை முன்கூட்டி முடிக்க எவ்வளவு என்று ஃபைனான்ஸிடம் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். வெளியில் வாங்குபவர் அந்தத் தொகையை நேராக ஃபைனான்ஸுக்குக் கட்டட்டும், என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி அடமானத்தை நீக்கிவிட்டு மிச்சத்தை அண்ணன் எடுத்துக்கொள்ளலாம். விற்ற தொகை போதாமல் துண்டு விழுந்தால், உங்களால் முடிந்த ஐயாயிரத்தைத் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுங்கள். அம்மாவிடமும் அந்த 1,54,000 கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

நீங்கள் வாங்கும் வண்டிக்கும் இதே கண்டிப்புதான். பணம் கொடுப்பதற்கு முன் எம்பரிவாகன் ஆப்பில் அடமானம், இன்சூரன்ஸ் தேதி, பாக்கி அபராதம் மூன்றையும் பாருங்கள். இன்ஜின், சேஸிஸ் எண்களை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் போய் ஸ்டார்ட் செய்யுங்கள், முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் துடைத்துப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதியோடு கையெழுத்து வாங்கி உடனே ஆர்டிஓ வேலையை ஆரம்பியுங்கள், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸ் பணம் கேட்காத வருடங்களுக்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த நோ கிளைம் போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும், அதனால் பிரீமியத்தில் கொஞ்சம் வித்தியாசத் தொகை கேட்பார்கள். அதைக் கட்டிவிடுங்கள்.