நடந்து எரித்த கலோரியைத் திருப்பிச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, உயரம் 158 செ.மீ., நிறை 72 கிலோ. கிழமைக்கு அரைக் கிலோ குறைய நாளுக்கு 1,400 கலோரி சாப்பிடும்படி கைத்தொலைபேசிச் செயலி சொல்கிறது. பின்னேரங்களில் யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பக்கம் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன். 380 கலோரி எரிந்ததாகக் கைமணிக்கூடு காட்ட, செயலி அதையும் சேர்த்து 1,780 சாப்பிடலாம் என்கிறது. சாப்பிடலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: வேண்டாம். அந்த நடை உங்கள் 1,400க்குள் ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் வயது, உயரம், நிறையை, உடம்பின் கலோரித் தேவையை மதிப்பிடும் மிஃப்ளின் சமன்பாட்டில் போட்டால், சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 1,375 கலோரி வேண்டும். நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவர் என்று பதிந்திருந்தால் செயலி அதை 1.2 ஆல் பெருக்கி 1,650 என்று எடுத்து, அரைக் கிலோவுக்கான 500ஐக் கழித்து 1,150 என்றிருக்கும். உங்களுக்கு வந்தது 1,400. அது 1.375 ஆல் பெருக்கினால் வரும் கணக்கு: 1,890இல் 500 போக மீதி. ஆகவே பதியும்போது 'இலேசான உடற்பயிற்சி' என்பதைத் தெரிவு செய்திருக்கிறீர்கள். இனி 380ஐயும் சாப்பிட்டால் ஒரே நடையை இரண்டு தரம் எழுதியதாகும். 500 பற்றாக்குறை 120 ஆகச் சுருங்கி, கிழமைக்கு 100 கிராம் அளவில்தான் குறையும்.

அந்த 380 உம் கூடுதல். மட்டமான தரையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் ஒரு கிலோ நிறைக்கு ஏறக்குறைய 3.5 கலோரி, உங்களுக்கு 250. அதில் 72 வீட்டில் இருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் வந்தது 180தான். (ஏறுவதற்கு யாழ்ப்பாண நகரில் ஒரு மேடும் இல்லை, கூட்டிச் சொல்ல வழியில்லை.) பல மணிக்கூடுகள் இதயத் துடிப்பைக் கொண்டு மதிப்பிடுகின்றன. சித்திரை வெக்கையில் உடம்பைக் குளிர்விக்கவும் துடிப்பு ஏறும். மணிக்கூடு அதையும் உழைப்பாக எழுதிவிடும். 2017இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 7 கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் மிகத் திறமானதே சராசரியாக 27% பிழைத்தது.

செயலியில் உடற்பயிற்சிக் கலோரியைக் கூட்டும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். சைக்கிளில் கீரிமலை வரை போய்வருவது போன்ற வழமைக்கு மிஞ்சிய நாளில் மட்டும், மணிக்கூடு காட்டுவதில் பாதியைச் சாப்பிடலாம்: அவித்த முட்டை (ஒன்று சுமார் 75 கலோரி), அவித்த கடலை, வாழைப்பழம். கடையில் 'மிதிவெடி' என்ற பொரித்த ரோல்ஸ் வாங்கினால் கணக்கு அங்கேயே முடிந்தது.

நான்கு கிழமை, காலையில் வெறுவயிற்றில் நிறை பார்த்து, கிழமைச் சராசரியை எழுதுங்கள். மாதவிடாயை ஒட்டி நீர் ஏறுவதால் ஒரு நாள் நிறையை நம்பவேண்டாம். 2 கிலோ அளவில் குறைந்தால் எதையும் மாற்றாதீர்கள். 4 கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, தலைசுற்று வந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ நாளுக்கு 200 கலோரி கூட்டுங்கள். தலைசுற்றும் மாதவிடாய்த் தவறலும் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு கிலோவும் குறையாவிட்டால், நடையைக் கூட்டுமுன் தேங்காயைப் பாருங்கள். 100 கிராம் துருவிய தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 350 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. பிட்டை எழுதுகிறவர்கள் அதற்குள் போட்ட பூவையும் சம்பலையும் எழுதுவதில்லை.

கேள்வி: சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிறேன். நடக்கும்போது கை நடுங்குகிறது. நிறை குறைக்கும் காலத்தில் அப்போது சாப்பிடலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: உடனே சாப்பிடுங்கள். அது சீனி இறங்கும் அறிகுறி. அங்கே கலோரி பார்க்கக்கூடாது. நடையை நிறுத்தி, 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். பொட்டலத்தில் சீனி இல்லாமல் நடக்கப் போகாதீர்கள். இது திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் இன்சுலின் அளவு கூடிவிட்டது என்று பொருளாகலாம். கிளினிக்கில் நடக்கும் நேரத்தையும் சொல்லி அளவை மாற்றுவியுங்கள்.