இது நீங்கள் நினைக்கிற ‘அல்சர்’ இல்லை

கேள்வி: எனக்கு வயது 29. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன வருடம் மலத்தில் ரத்தமும் சீதமும் போனது. ஸ்கோப் எடுத்துப் பார்த்து ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்றார்கள். மெசலமைன் மாத்திரையில் இரண்டே மாதத்தில் சரியானது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நான்கு மாதமாக மாத்திரை போடவில்லை. நடுவில் முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கி ஒரு வாரம் மாத்திரை போட்டேன். இப்போது மறுபடி தினமும் நாலைந்து தடவை, ரத்தத்தோடு. அம்மா சூடு, மூலம் என்கிறார். கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. ஆயுசுக்கும் மாத்திரைதானா?

பதில்: நம் ஊரில் அல்சர் என்றால் இரைப்பைப் புண். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, கொஞ்ச நாள் மாத்திரை, வாரம் இரண்டு தடவை மணத்தக்காளிக் கீரை, ஆறிவிடும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். உங்கள் நோயின் பெயரிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் நீங்களும் அதே கணக்கைப் போட்டுவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெயரை விளக்காமல் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பும் எங்கள்மீதும் தப்பு இருக்கிறது.

இது பெருங்குடலின் உட்சவ்வில் வரும் அழற்சி. கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே புண்ணாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும். இதன் பங்காளியான குரோன்ஸ் நோய் வேறு மாதிரி: வாய் முதல் ஆசனவாய் வரை எங்கேயும் திட்டுத்திட்டாக வரும், நம் நாட்டில் குடல் காசநோயோடு குழப்பியும் விடும். உங்களுக்கு ஸ்கோப்பிலேயே பெயர் தெரிந்துவிட்டதால் அதை விட்டுவிடுவோம்.

ரத்தம் நின்றால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாத நாட்களிலும் சவ்வு உள்ளே சிவந்திருக்கலாம். அதனால்தான் மலத்தில் கால்புரொடெக்டின் என்ற பரிசோதனை செய்கிறோம். அது 250க்கு மேல் போனால், ரத்தம் வராவிட்டாலும் உள்ளே புகைகிறது என்று எடுத்துக்கொள்வோம். மெசலமைன் என்பது, ஒருமுறை அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்கிற மருந்தும்கூட. அதை ஒழுங்காகப் போடாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

அம்மா சொல்லும் மூலத்திலும் ரத்தம் வரும்தான். பெரும்பாலும் மலம் போகும்போதோ போன பிறகோ பளிச்சென்று சொட்டும், அவ்வளவுதான். சீதத்தோடு வருவது, அடக்க முடியாமல் ஓட வைப்பது, போய்விட்டு வந்தும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் முக்க வைப்பது, நடு ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புவது, இதெல்லாம் மூலத்தின் குணமில்லை.

அந்த முட்டி வலி மாத்திரைமீதும் எனக்குச் சந்தேகம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மருந்துகள், நோய் அடங்கியிருக்கும் குடலைக் கிளறிவிடக்கூடும். அதோடு, முட்டி வலியே இந்தக் குடல் நோயின் கிளையாக இருக்கலாம். அதை உங்கள் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதுவரை பாராசிட்டமால் போதும்.

இந்த வாரமே போய்ப் பாருங்கள். கிருமித் தொற்று சேர்ந்திருக்கிறதா என்று மலமும், ரத்தசோகை இருக்கிறதா என்று ரத்தமும் பார்ப்பார்கள். மெசலமைனை மறுபடி தொடங்கும்போது ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் தரக்கூடும். வெட்கப்பட்டு அதை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. நோய் குடலின் கடைசிப் பகுதியில் இருந்தால் வாய் வழி மாத்திரையைவிட அதுதான் நன்றாக வேலை செய்யும். படுக்கப்போகும் முன் கழிவறைக்குப் போய்விட்டு வந்து, இடப்பக்கம் ஒருக்களித்து, வலது காலை மடக்கி, மாத்திரையைத் தண்ணீரில் லேசாக நனைத்து விரலால் உள்ளே தள்ளிவிட்டு அப்படியே தூங்குங்கள். நாலு நாளில் பழகிவிடும். வாய் வழி மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மேல் உறை குடலில் போய்த்தான் கரைய வேண்டும்.

அழற்சியை அடக்கத் தரும் ஸ்டீராய்டை மட்டும் பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்காதீர்கள். மருத்துவர் கொடுத்தால், அவர் சொல்கிற கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் வேண்டாம். ரத்தம் போகிற இந்த நாட்களில் இட்லி, குழைந்த சாதம், ரசம், முட்டை, வேகவைத்த கேரட் என்று எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். கீரை, சுண்டல், பச்சைக் காய் எல்லாம் நோய் அடங்கிய பிறகு. மிளகாயால் இந்த நோய் வருவதில்லை, ஆனால் எரிச்சல் தந்தால் குறையுங்கள். பால் ஒத்துக்கொண்டால் குடிக்கலாம். பத்தியம் என்று பாதி உணவை விலக்கி எடை குறைந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90க்கு மேலோ, வயிறு உப்பிக்கொள்வதோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் பேதியை நிறுத்தும் மாத்திரை ஆபத்து.

ஆயுசுக்குமா என்றால், பெரும்பாலும் நீண்ட வருடங்களுக்கு, ஆமாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுவதுபோல. நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனதும் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று ஸ்கோப் பார்க்க வேண்டும்.

கல்யாணம் தாராளமாகச் செய்துகொள்ளலாம். குடும்பத்தில் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இந்த நோயுள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மெசலமைனுக்குப் பதில் சல்ஃபாசலசின் கொடுத்தால் மட்டும் கல்யாண விஷயத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும். பெண் வீட்டில் எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் நிச்சயத்துக்கு முன்பே, ‘அல்சர்’ என்று சுருக்காமல், முழுப் பெயரோடு.